வீடு மாறுவோரும் சுமை தூக்குவோரும்

திருப்பூரில் தொழிலாளி வீடு மாறுவது அதிசயமான செய்தியல்ல. சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, பீரோவையும் கட்டிலையும் காஸ் அடுப்பையும் தண்ணீர்க் குடங்களையும் ஏற்றிக்கொண்டு, வேலம்பாளையத்திலிருந்து நல்லூருக்கோ ராயபுரத்திலிருந்து வீரபாண்டிக்கோ போகும் குடும்பங்களை எந்த ரோட்டிலும் காணலாம். ஆடியும் மார்கழியும் கழிந்துவிட்டால் இக்காட்சி இன்னும் அதிகம்.

இவர்களெல்லாம் ஆசைப்பட்டா வீடு மாறுகிறார்கள்? இல்லை. லைன் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுகிறார். கட்ட முடியாதவன் காலி செய்கிறான். கம்பெனிக்கு ஆர்டர் குறைகிறது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவன் வேறு கம்பெனி தேடிப் போகிறான். 2011 ஜனவரியில் நொய்யலைப் பாழ்படுத்திய சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் லாபம் சேர்த்தவர்கள் பட்டறை முதலாளிகள். வேலையிழந்து மூட்டை கட்டியவர்கள் தொழிலாளர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் இதே கதைதான். முடிவெடுப்பவர் ஒருவர், வீட்டைக் காலி செய்பவர் வேறொருவர்.

கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இந்த நிர்ப்பந்தம் நன்றாகத் தெரியும். தோட்டத்துச் சாளையில் குடியிருந்த பண்ணையாள், தோட்டக்காரருக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் மறுநாளே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. கூலி கேட்டவனை அடக்க, குடிசையைக் காலி செய் என்ற மிரட்டலே நிலப்பிரபுவுக்குப் போதுமானதாயிருந்தது. விவசாயத் தொழிலாளர் இயக்கம் விடாது போராடியது. அதன் பின்னர்தான், குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்ற குடியிருப்புச் சட்டம் 1971-ல் வந்தது. அந்த மிரட்டல் ஓரளவு ஒடுங்கியது. நகரத்து லைன் வீட்டில் அது வேறு உருவத்தில் உயிரோடிருக்கிறது.

வீடு மாறும் செலவைச் சற்றுக் கணக்குப் பாருங்கள். பழைய அட்வான்ஸ் கைக்கு வருமுன் புது அட்வான்ஸ் கட்டியாக வேண்டும். புரோக்கருக்குக் கமிஷன் தர வேண்டும். வெள்ளையடிக்கும் செலவென்றும் கரண்டு பாக்கியென்றும் பழைய வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். வண்டி வாடகை வேறு. போகிற நாள் வேலை நாளானால் ஷிப்டும் போகும். இவ்வளவுக்கும் வட்டிக்குக் கடன் வாங்கிய பிறகு, கடைசியில்தான் சுமை தூக்குகிறவருடைய கூலிப் பேச்சு வருகிறது. எல்லாரிடமும் வாயடைத்து நின்ற தொழிலாளி, அவரிடம் மட்டும் வாய் திறந்து பேரம் பேசுகிறார். "மாடிக்கு ஏற்ற இவ்வளவா?" என்று கோபிக்கிறார். கோபம் நியாயமானதே. ஆனால் அது போய்ச் சேரும் இடம் சரியா?

சுமைத் தொழிலாளியின் நிலை என்ன? பீரோவை முதுகில் சாய்த்து, இடுப்பு அகலமே உள்ள மாடிப்படியில் மூன்று மாடி ஏறுகிறார். மாதச் சம்பளமில்லை, வண்டி கூப்பிட்டால் கூலி, கூப்பிடாவிட்டால் பட்டினி. கால் இடறி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அவருடையது. 1967-லேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், ஓர் ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்குமேல் இருக்குமானால் அதை விரைவில் குறைத்தாக வேண்டும் என்று சிபார்சு செய்தது. துணி நிறைந்த இரும்பு பீரோவை எந்தத் தராசில் வைத்து யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

இப்போது இத்தொழிலில் கம்பெனிகளும் புகுந்துள்ளன. பெட்டி கட்டுவதிலிருந்து இறக்கி வைப்பது வரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்கின்றன. உள்ளே பார்த்தால் ஆர்டர் பிடிப்பவர் ஒருவர், லாரி இன்னொருவருடையது, தூக்குகிறவர் அன்றாடக் கூலி. நடுவில் இருப்பவருக்குக் கமிஷன். முதுகு கொடுப்பவருக்கு மிச்சம். குறைந்த தொகை சொல்லிச் சாமானை ஏற்றிவிட்டு, பாதி வழியில் இரட்டிப்புக் கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவோம் என்று மிரட்டும் மோசடிக்காரர்களும் உண்டு. 2007-ம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சரக்கு ரசீது தர வேண்டும். ரசீதில்லாமல் சாமானை ஏற்ற விடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை.

சுமைத் தொழிலாளர் சங்கம் என்றவுடன் சில பத்திரிகைகள் கேரளத்து "நோக்குக் கூலி"யை இழுத்து வந்து காட்டும். தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பது தொழிலாளி வர்க்கத்தின் பண்பல்ல. 2018 மே முதல் தேதியிலிருந்து அதை ஒழித்ததும் கேரளத்து இடது முன்னணி அரசாங்கமே. மராட்டியத்தைப் பாருங்கள்: அங்கே 1969-ல் வந்த மாத்தாடித் தொழிலாளர் சட்டப்படி, வேலை வாங்குபவர் கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்ட வேண்டும். அந்தத் தீர்வையிலிருந்து பிராவிடண்ட் பண்டும் போனஸும் வருகின்றன. தமிழ்நாட்டிலும் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல வாரியம் இருக்கிறது. விபத்து உதவியும் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகையும் ஓய்வூதியமும் உண்டு. பதிவு செய்தவனுக்கே அவை கிட்டும். வண்டி ஸ்டாண்டில் நிற்கும் சுமைத் தொழிலாளியிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்பது, கூலியில் பத்து ரூபாய் குறைப்பதைவிட மேலான காரியம்.

வீட்டுக்காரரிடம் பேசவும் சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்ற வரம்பைச் சொல்கிறது. நியாயமான பாக்கியைக் கழித்து மீதியைத் திருப்பித் தரவும், குடிநீரையும் மின்சாரத்தையும் வெட்டாதிருக்கவும் கட்டளையிடுகிறது. தகராறை விசாரிக்க வாடகை அதிகாரி உண்டு. ஆனால் இச்சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைச் சுற்றியே நிற்கிறது. லைன் வீட்டில் எவன் ஒப்பந்தம் எழுதுகிறான்? எழுதினாலும் எவன் படித்துப் பார்க்கிறான்? படிக்காமல் கையெழுத்திட்டால் மூன்று மாத வரம்பும் கைநழுவிவிடும். தனி ஆளாய்க் கேட்பவனை, "இஷ்டமில்லாவிட்டால் வேறு வீடு பார்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடலாம். காம்பவுண்டில் குடியிருக்கும் பத்துக் குடும்பங்களும் சேர்ந்து கேட்டால் அப்படி அனுப்ப முடியாது.

ஆகவே நாம் கோருவது இது. லைன் வீடுகளுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் கிடைக்கவும் அதைப் பதிவு செய்யவும் வாடகை அதிகாரிகள் தொழிலாளர் பகுதிகளுக்கே வந்து முகாம் நடத்த வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே விளக்க வேண்டும். வண்டி ஸ்டாண்டுகளில் சுமைத் தொழிலாளரை வாரியத்தில் சேர்க்க வேண்டும். தூரம், மாடி, சாமான் கணக்குப்படி கூலி விகிதத்தைச் சங்கமே நிர்ணயித்து, எல்லாரும் காண எழுதி வைக்க வேண்டும். ஆர்டர் பிடித்துக் கமிஷன் எடுக்கும் கம்பெனிகள் மாத்தாடி முறையில் தீர்வை செலுத்தச் சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும்.

1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். கம்பெனி வாசலில் ஒன்று சேரத் தெரிந்தவர்களுக்கு வீட்டு வாசலில் ஒன்று சேர முடியாதா? பீரோவின் ஒரு முனையைப் பிடித்திருப்பவர் பனியன் தொழிலாளி, மறுமுனையைப் பிடித்திருப்பவர் சுமைத் தொழிலாளி. இருவருக்கும் பாரம் ஒன்றே. தங்களுக்குள் பேரம் பேசிச் சலிப்பதை விட்டு, அட்வான்ஸை அமுக்கி வைத்திருப்பவரிடமும் கமிஷனை விழுங்குபவரிடமும் இருவரும் சேர்ந்து கணக்குக் கேட்க முன்வர வேண்டும்.