புதுப்பிக்க வேண்டாம்

பவானிபூரில் ‘தீம்’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறத் தேவையில்லை. பூசைக்கு ஒரு மாதம் இருக்கையிலேயே, ஜதுபாபு பஜாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும், இந்த ஆண்டு எந்தப் பந்தலுக்கு என்ன தீம் என்ற பேச்சுதான் காதில் விழும். மூங்கில் சாரத்தின்மேல் ஓர் ஆண்டு பழங்கால மாளிகை எழும். மறு ஆண்டு அதே இடத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு எழும். உள்ளே வீற்றிருக்கும் துர்க்கையும் பூசை முறையும் மாறுவதில்லை. இணையத்தளத்தின் தீமையும் மாணவர்களுக்கு இப்படித்தான் நான் விளக்கி வந்தேன்: உள்ளடக்கம் தெய்வம், தீம் பந்தல்.

அந்த விளக்கம் பாதிதான் சரி என்பதைச் சென்ற ஆண்டு பூசை விடுமுறைக்குச் சற்று முன்பு கற்றுக்கொண்டேன். நான் ஊதியமின்றித் துணைபுரியும் தமிழாய்வு மின்னிதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டிருந்த ஓர் ஆய்வாளர் தமிழகத்திலிருந்து அழைத்தார். “அண்ணா, என் கட்டுரைப் பக்கத்தைத் திறந்தால் ஏதோ சூதாட்டத் தளத்துக்குப் போகிறது. நாளை மறுநாள் எனக்கு நேர்முகத் தேர்வு.” முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் நீக்கிவிட்டன. எனினும் தேர்வுக் குழுவின் மேசையில் கட்டுரைகளுக்குள்ள மதிப்பு குறையவில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

தளத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். தீம் ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. முகப்பில் படங்களை ஓடவிடும் நிரல் ஒன்று அதனோடு சேர்ந்தே வந்திருந்தது. அதுவும் அதே வயதுடையது. எனக்கு முன் பொறுப்பிலிருந்தவர் விட்டுச்சென்ற குறிப்பேட்டின் முதல் வரி: ‘தீமைப் புதுப்பிக்க வேண்டாம். உடைந்துவிடும்.’ அதை அவரும் தமக்கு முன்னவரிடமிருந்தே பெற்றிருந்தார். நானும் இரண்டு ஆண்டுகள் அந்த வரிக்குப் பணிந்து நடந்தேன்.

அந்த அச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து ஆக்கப்பட்ட தீம்கள் வரிகளை நெருக்கி அடுக்குகின்றன. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் ஈகாரச் சுழியும் தலை வெட்டுப்படுகின்றன. ஆகவே யாரோ ஒருவர் வரி இடைவெளியையும் எழுத்துருவையும் அடிக்குறிப்பு அமைப்பையும் தீமின் கோப்புகளுக்குள்ளேயே நுழைந்து திருத்தியிருந்தார். வேர்ட்பிரஸில் தீமைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்புறை முழுவதும் நீங்கிப் புதியது அவ்விடத்தில் அமரும். திருத்தங்கள் அனைத்தும் அந்த நொடியே மறையும். ஒருமுறை அப்படி மறைந்ததால்தான் அந்தக் குறிப்பு பிறந்திருக்க வேண்டும்.

இதற்கான மாற்று வழி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. நம் திருத்தங்களை மட்டும் ‘சைல்டு தீம்’ என்னும் தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, மூலத் தீமைத் தொடாமல் விட்டுவிடுவது. மூலம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் நம் கோப்புறை அப்படியே இருக்கும். ஆய்விதழ்கள் பலவும் பயன்படுத்தும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸிலும் இவ்வசதி உண்டு. ஒரு நுட்பத்தை மட்டும் மறக்கக் கூடாது. மூலத்தின் பக்க வார்ப்புரு ஒன்றை முழுமையாக நகலெடுத்து நம் கோப்புறையில் வைத்தால், அந்த வார்ப்புருவில் பின்னர் செய்யப்படும் பாதுகாப்புத் திருத்தம் நமக்கு வந்து சேராது. எவ்வளவு குறைவாக நகலெடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பந்தல் உவமை முறியும் இடத்துக்கு இப்போது வருகிறேன். தீம் என்பது வண்ணத் துணியோடு நிற்பதில்லை; அது சர்வரில் இயங்கும் நிரல். கட்டுரைகள் அடங்கிய தரவுத்தளத்தைத் தொடும் ஆற்றலும் அதற்கு உண்டு. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில் மார்க் மாண்டர் என்பவர் தம் வலைப்பதிவு ஊடுருவப்பட்டதைக் கண்டு காரணத்தைத் தேடிச் சென்றார். படங்களைச் சிறிதாக்கித் தரும் ‘டிம்தம்ப்’ என்ற சிறு கோப்பில் அது முடிந்தது. எண்ணற்ற தீம்கள் அக்கோப்பைத் தம்முள் வைத்திருந்தன. ஃபிளிக்கர் போன்ற நம்பகமான சில தளங்களிலிருந்து மட்டுமே படம் எடுக்குமாறு அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் முகவரியில் எங்கேனும் அப்பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தது. திருடன் தன் முகவரியின் முன்பகுதியில் அப்பெயரைச் சேர்த்துக்கொண்டால் போதும், கதவு திறக்கும். பயன்படுத்தாமல் சர்வரில் கிடந்த தீமுக்குள் இருந்த டிம்தம்பையும் வெளியிலிருந்து நேரடியாக அழைக்க முடிந்தது. எங்கள் தளத்தில் அப்படி நான்கு பழைய தீம்கள் கிடந்தன. நினைவுச் சின்னங்கள் போலும்!

அப்படியானால் எல்லாவற்றையும் தானாகவே புதுப்பிக்க விட்டுவிடலாமே என்று கணினித்துறை நண்பர்கள் சொல்கிறார்கள். 2020இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.5 தீம்களுக்கு அவ்வசதியைத் தந்தது. சிறு தளங்களுக்கு அது நன்மையே. ஆயினும் நேபாளத்தைச் சேர்ந்த அக்சஸ்பிரஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரில் அதன் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், அங்கிருந்து பதிவிறக்கப்படும் 40 தீம்களிலும் 53 செருகுநிரல்களிலும் இரகசிய வாயில் ஒன்றை வைத்துவிட்டார்கள். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் இருந்த படிகளில் அந்த வாயில் காணப்படவில்லை. விவரம் பொதுவெளிக்கு வந்தது 2022 ஜனவரியில். எங்கிருந்து பெறுகிறோம் என்பதும் புதுப்பித்தலின் ஒரு பகுதிதான். கட்டணத் தீமை ‘இலவசமாக’ எங்கோ பெற்றுக் கல்லூரித் தளத்தில் ஏற்றுவோரைப் பற்றி என்ன சொல்ல!

நாங்கள் பின்னர் செய்தது இவ்வளவுதான். தளத்தை முடக்கி, கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்துச் சர்வருக்கு வெளியே வைத்தோம். என் மடிக்கணினியில் ஒத்திகைத் தளம் ஒன்றை அமைத்துத் தூய தீமையும் புதிதாக எழுதிய சைல்டு தீமையும் அங்கே நிறுவி, பழைய இதழ்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நகலிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்றும் சோதித்தோம். முதல் முயற்சியில் முடியவில்லை. மொத்தம் ஐந்து நாட்கள். இனி மாதம் ஒருமுறை இதே ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் போதும்.

அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்பதில்தான் நம் நிறுவனங்களோடு எனக்குப் பிணக்கு. நாக் குழு வருகிறதென்றால் தளத்துக்குப் புதுவண்ணம் பூச நிதி கிடைக்கிறது. அதன்பின் பராமரிக்கக் கிடைப்பதில்லை. தீமின் உரிமம் படிப்பை முடித்துப் போன மாணவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும்; காலாவதி அறிவிப்பும் அங்கேதான் போகும். இங்குள்ள பூசைக் குழுக்கள்கூடத் தீயணைப்புத் துறையின் அனுமதி இன்றிப் பந்தலைத் திறப்பதில்லை. யார் பொறுப்பு என்பதும் அங்கே எழுத்தில் இருக்கும். நம் இதழ்களில் பதிப்பாசிரியர் குழுவின் பெயர்ப்பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. தளப் பொறுப்பாளர் என்று ஒரு பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

இலக்கிய மாணவருக்கு இது எதற்கு என்று ஒரு பேராசிரியர் கேட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் நெருப்பில் இடப்பட்ட செய்தியை உ.வே.சா. எழுதியிருக்கிறார். அதை வருத்தத்தோடு வகுப்பில் நடத்துபவர் அவர்.

அந்த ஆய்வாளர் தம் கட்டுரையை அச்சிட்டு நேர்முகத் தேர்வுக்கு எடுத்துச் சென்றார். குழுவில் ஒருவர் கைப்பேசியை எடுத்து இதழின் முகவரியைத் தட்டிப் பார்த்தாராம். அன்று எங்கள் ஒத்திகையின் இரண்டாம் நாள்; தளம் திறக்கவில்லை.