லயமும் பழசுதானே

பழைய கார் மேல எனக்குக் கோபம் இல்ல. மொரிஸ் மைனர் ஒன்று போனா நானும் நின்று பார்ப்பேன். ஆனா கழகமா மலைநாட்டுக்குச் சுற்றுலா வந்து, துரை பங்களா முற்றத்தில கார்களை வரிசையா நிறுத்திப் படம் பிடிச்சிட்டு, பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்றா, யாருடைய பாரம்பரியம்?

'கிளாசிக் கார் கிளப் ஒஃப் சிலோன்' என்றே ஒரு கழகம் இருக்கு. 1972இல் நாடு ஸ்ரீலங்கா ஆகிட்டு. அவங்களுக்கு இன்னும் சிலோன்தான் இனிக்குது. எங்களுக்கு அது, 1948இல் குடியுரிமையைப் பறித்த நாட்டின் பெயர்.

பழைய காரை உண்மையிலேயே காப்பாத்தினது யாழ்ப்பாணத்துக் கராஜ்காரங்க. 1990களில் பொருளாதாரத் தடைக்குள்ள, கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, ஒஸ்டினையும் மொரிஸையும் மண்ணெண்ணெயில ஓட வச்சாங்க. அது பொழுதுபோக்கு இல்ல, பிழைப்பு.

எம்பிலிப்பிட்டியவில இருந்து வந்து கொடகவெலயில இறக்குவானைப் பக்கம் திரும்புங்க. வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பராக்கள் நிக்கும். பார்ட்ஸ் மாத்தல்ல, பெயின்ட் இல்ல, முழு ஒரிஜினல்! அதுக்கு முன்னால ஒரு கழகக் கார் நின்றதை நான் காணல்ல. காரோட கதையை எழுதினா துரை பேரோட நிறுத்தாதீங்க. அதைக் கழுவித் துடைச்சவரும், பங்களா ரோட்டை வெட்டினவரும் எந்த லயத்தில இருந்தாங்க என்றும் கேட்டு எழுதுங்க.