சண்டை மீனும் திம்பம் சாலையும்

நம் விடுதி அறைகள் பலவற்றில் கண்ணாடிக் குடுவைகள் குடியேறியிருக்கின்றன. குடுவைக்கு ஒரு மீன். நீலமும் சிவப்புமாய்த் துடுப்பு விரிக்கும் அழகு மீன். 'ஃபைட்டர்' என்று பெயர். இரண்டு குடுவைகளை அருகருகே வைத்து, நடுவில் நிற்கும் அட்டையை உருவிவிட்டால், செவுள்மூடிகளை விரித்து ஒன்றையொன்று மிரட்டும். கண்ணாடி காட்டினாலோ தன் உருவத்தோடே போருக்கு நிற்கும். 'பிறவியிலேயே வெறிபிடித்தது' என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம்.

அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. தாய்லாந்து நாட்டின் வயல்நீரிலும் சதுப்பிலும் வாழும் மீன் இது. 2019-இல் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆண்மீன் நீர்மட்டத்தில் நுரைக் குமிழிகளால் கூடு கட்டுகிறது. பெண் இட்ட முட்டைகளை வாயில் கவ்வி அதில் சேர்த்து, குஞ்சு நீந்தும் வரை காவல் நிற்கிறது. கூட்டைச் சுற்றிய சிறு வட்டமே அதன் நாடு. அயலான் நுழைந்தால் மிரட்டும், மிஞ்சினால் கடிக்கும். தோற்றது செடிகளுக்கிடையே ஓடி மறையும். வென்றது கூட்டுக்குத் திரும்பும். சூதாட்டத்துக்காக மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததால் வீட்டு மீனுக்குச் சினம் கூடியிருக்கிறது என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் சாவு நேர்வது ஏன்? தோற்றவன் ஓட இடமில்லை! குடுவையின் குற்றத்தை மீனின்மேல் சுமத்துகிறோம்.

மீனைப் பற்றி இவ்வளவு எழுதத் தூண்டியது நம்மவர் முணுமுணுப்பு. சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் இறங்கும் திம்பம் சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. குண்டலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர்க் காட்டினூடே கூடலூருக்கும் சுல்தான் பத்தேரிக்கும் செல்லும் சாலைகளிலோ 2009-இலேயே தடை வந்துவிட்டது, இரவு 9 முதல் காலை 6 வரை. 'புலிக்காக மனிதன் காத்துக் கிடப்பதா?' என்ற கேள்வியை உணவுக்கூடத்தில் ஓயாமல் கேட்கிறேன்.

குணத்தில் புலியும் இந்த மீனுக்கு உறவுதான். மரத்தில் சிறுநீர் பீய்ச்சியும் நகத்தால் கீறியும் தன் எல்லையை எழுதிவைக்கிறது. அந்த மணத்தைப் படித்த மற்றொரு புலி பெரும்பாலும் விலகியே போகும். ஏறத்தாழ இரண்டு வயதில் தாயைப் பிரியும் இளம்புலி தனக்கோர் இடம் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டும். பந்திப்பூர், முதுமலை, வயநாடு, நாகரகொளை எனக் காடுகள் ஒட்டிக் கிடப்பதால் அந்த நடை கைகூடுகிறது. இரவெல்லாம் லாரி வரிசை ஓடினால் சாலையே கண்ணாடிச் சுவராகிவிடும். இடம் கிடைக்காத இளையதும் இடத்தைப் பறிகொடுத்த கிழமும் காட்டோரம் வந்து மாட்டை அடிக்கும். மாட்டை இழந்தவன் சினம் எங்கே போய் முடியும் என்பதை நம் மாவட்டமே கண்டது. 2025 ஜூனில், மலை மாதேஸ்வரா மலைக் காட்டின் ஹூக்யம் பகுதியில், நஞ்சிட்ட மாட்டின் உடலைத் தின்று ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் மாண்டன.

காய்கறி ஏற்றிச் செல்லும் தாளவாடி உழவர் படும் தொல்லை வேறு. அவர்களுக்கு விலக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. நாமோ, மாலைக் காட்சி சினிமாவும் பார்த்துவிட்டு ஊருக்குப் புறப்பட நினைப்பவர்கள்! தடையை நீக்கும்படி மன்றத்தின் பெயரால் விண்ணப்பம் எழுதலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அதில் நான் கையெழுத்திட மாட்டேன். வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பை ஒரு மணி முன்னதாக முடிக்கும்படி விண்ணப்பம் எழுதுங்கள்; முதல் கையெழுத்து என்னுடையது. பொழுது சாயுமுன் பேருந்து ஏறினால் இரவுச் சாப்பாடு சத்தியமங்கலத்தில்.