மூன்று மார்க்கா, ஏழு மார்க்கா?

2022 டிசம்பர் 18 இரவு நம் ஹாஸ்டலில் யார் தூங்கினோம்? உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம் 3-3. பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என்று பிரான்ஸை வென்றது. பிரான்ஸ் ரசிகர்களான நாங்கள், ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பத்துக்கு மார்க் போட உட்கார்ந்தோம்.

மூன்று கோல் அடித்த எம்பாப்பேவுக்குப் பத்து. அதில் தகராறே இல்லை. கோலோ முவானி பெயர் வந்ததும்தான் ரகளை. 123-வது நிமிடம், எதிரே கோல்கீப்பர் மார்ட்டினெஸ் மட்டும். இவர் அடித்தார், அவர் காலை நீட்டித் தடுத்துவிட்டார். "கோப்பையையே கோட்டை விட்டவன்டா, மூணு போடு!" என்றான் அறை நண்பன். நானும் கோபத்தில் மூன்றுதான் போட்டேன்.

சமீபத்தில் முழு ஆட்டத்தையும் மறுபடி பார்த்தேன். முதல் பாதியில் பிரான்ஸ் கோலை நோக்கி ஒரு உதைகூட உதைக்கவில்லை. 41-வது நிமிடத்தில் மாற்று வீரராக வந்தவர் இவர். ஒட்டமெண்டி இவரை வீழ்த்தியதால்தான் பிரான்ஸின் முதல் பெனால்டியே கிடைத்தது. கடைசி ஷூட்-அவுட்டிலும் தன் பந்தை வலைக்குள் போட்டார். கோட்டை விட்டவர்கள் வேறு இருவர்.

வைவாவில் கடைசிக் கேள்விக்குத் திணறினால், செமஸ்டர் முழுக்கச் செய்த லேபுக்கு முட்டை போட விடுவோமா? (போட்டால் ஸ்ட்ரைக்தான்!)

"அது கோல் ஆகியிருந்தா பத்து குடுத்திருப்பேல்ல?"

"ஆமாடா."

அதே உதைதானே! நடுவில் வந்தது மார்ட்டினெஸின் கால். நோட்டை எடுத்து ஏழு என்று திருத்திவிட்டேன். நண்பன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.