கூரையுண்டு, வீடில்லை

சென்ற வாரம் பண்டத்தரிப்புச் சந்தியில் நம்மிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவனைக் கண்டோம். கையிலே தடித்த கோவையொன்று, முகத்திலே களைப்பு. "எங்கே தம்பி, இந்த வெயிலில்?" என்று வினவினோம். "வீட்டுத் திட்டத்துக்கு அலையிறன் சேர். இந்த முறையும் பெயர் வரேல்லை" என்றான்.

அவனுடைய பெற்றோர் 1990ஆம் ஆண்டில் கடலோரக் கிராமமொன்றிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவர்கள். அயலூரிலே உறவினர் வளவின் பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டனர். இவன் பிறந்ததும் அங்கே, மணமுடித்ததும் அங்கே, இப்பொழுது அவன் குழந்தை தவழ்வதும் அங்கேதான். பின்னாளில் விடுவிக்கப்பட்ட இரண்டு பரப்புக் காணி தங்கைக்குச் சீதனமாயிற்று. அதிலே அரசாங்க உதவியுடன் ஒரு வீடும் எழுந்தது. ஓர் அலுவலகத்தில், "உங்கள் குடும்பத்துக்குத்தான் வீடு தந்தாயிற்றே" என்றார்களாம். மற்றோர் அலுவலகத்தில், "இங்கே உமக்குக் காணி இல்லையே" என்றார்களாம். இரண்டும் ஏட்டின்படி சரியான விடைகளே! 1990இல் ஒன்றாயிருந்த குடும்பம் இன்று மூன்றாகிவிட்டதென்பதை எழுத அந்த ஏட்டிலே இடமில்லை.

வீடற்றோர் என்றவுடன் பெருநகரத்துப் புகையிரத நிலைய வாசலிலே துணி விரித்துப் படுப்போரே நம் நினைவுக்கு வருவர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அக்காட்சி அரிது. உற்றாரைத் தெருவிலே விட நம்மவர் மனம் ஒப்புவதில்லை. ஆதலினாலே நமது வீடின்மை கிடுகு வேலிக்குப் பின்னே மறைந்து கிடக்கின்றது.

1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அதனை முன்மொழிந்த பெருமை இலங்கைக்கே உரியது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலேதான் வடமராட்சி மக்கள் போரினால் வீடு வாசல் விட்டு ஓடினர். அதே ஆண்டிலே பதின்மூன்றாவது திருத்தமும் பிரதேச சபைச் சட்டமும் பிறந்தன. வீடமைப்பு மாகாண சபையின் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் பணப்பெட்டியின் திறவுகோல் கொழும்பிலே இருக்கின்றது. 1979இல் அமைந்த தேசிய வீடமைப்பு அதிகார சபையும் மத்திய அரசினுடையதே. பயனாளியின் பெயரை எழுதுவோர் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும். அவர்களும் மத்திய அரசின் ஊழியரே. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்குவதும், ஒழுங்கையைத் திருத்துவதும், வெள்ளம் வடிய வழி காண்பதும் பிரதேச சபையின் தலையில் விழுகின்றன.

இவ்விரு கைகளும் சேர்ந்தால் என்ன நடக்குமென்பதையும் நாம் கண்டதுண்டு. 2010இல் இந்திய அரசு அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக் கிழக்குக்கு உரியவை. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, பணம் பகுதி பகுதியாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிலே வந்து விழுந்தது. மேசனைப் பிடித்ததும், மண்ணுக்கும் கல்லுக்கும் விலை பேசியதும் வீட்டுக்காரரே. குசினி எந்தத் திசையில் அமையவேண்டும் என்பதைத் தீர்மானித்தவள் அவ்வீட்டு அம்மாளே! பணம் போதாமல் நகையை அடகுவைத்தோரும் பலர். அந்தக் குறையை நாம் மறைக்கவில்லை. எனினும் வீடுகள் எழுந்தன. பெரும்பாலானவற்றில் இன்று மக்கள் வாழ்கின்றனர்.

இதற்கு மாறானது 2016ஆம் ஆண்டின் உருக்கு வீட்டுக் கதை. வடக்குக் கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள், ஒன்றுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா என்று கொழும்பிலே தீர்மானமாயிற்று. அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்றனர் இங்குள்ளோர். சித்திரை வெயிலில் அவ்வீட்டுக்குள் இருக்க முடியுமா, விறகடுப்பு எரித்தால் புகை எங்கே போகும் என்றும் கேட்டனர். மாகாண சபையும் எதிர்த்தது. ஈற்றிலே அந்தப் பெருந்திட்டம் நிறைவேறவில்லை. வாதத்திலே கழிந்த காலமோ கொட்டிலிலே இருந்தவர்களுடையது.

கேட்பதற்கு ஊரிலே ஒரு சபை இருந்தால்தானே ஊரின் குரல் மேலே போகும்? வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. உள்ளூர்ச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே மாதத்திலே. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலான காலத்தில் நம் மாணவனைப் போன்றோர் எந்த உறுப்பினரின் படலையைத் தட்டுவது?

புதிய சபையினரிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பிறர் வளவிலே கொட்டில் போட்டிருப்போர் யார் யாரென்பது அங்கே பத்திரிகை படிக்க வருவோர்க்கெல்லாம் தெரியும். அவர்களைக் கொண்டு ஒரு பெயரேடு எழுதுவிக்கட்டும். பழைய காணி எங்கே என்பதையன்றி, இன்றிரவு எங்கே உறங்குகிறார்கள், ஒரு கூரையின் கீழ் எத்தனை குடும்பங்கள் என்பதையே அதில் எழுதட்டும். அதனை இரு பிரதேச செயலாளர்களின் முன்னும் ஒரே நாளில், ஒரே மேசையில் வைக்கட்டும். காணியற்றோர்க்கு அரச காணி தேடுவது அதற்கடுத்த படி. கீரிமலையில் 2016இல் காணியற்ற குடும்பங்களுக்கு நல்லிணக்கபுரம் அமைந்ததை நாம் அறிவோமல்லவா?

மாணவன் நம்மிடம் ஒரு கடிதம் கேட்டான். "எத்தனை வருடமாக இங்கே இருக்கிறோம் என்று எழுதித் தாருங்கோ, சேர்" என்றான். அவனைப் பாலர் வகுப்பிற்குத் தாயார் கைபிடித்து அழைத்துவந்த நாள் நமக்கு நினைவிருந்தது. அதையே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். கோவையிலே பத்திரமாக வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். அலுவலகம் மூட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.