கை பட்டால் குற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை என் கட்டைவிரல் ஒரு நல்ல மனிதரைக் கடன்காரர் ஆக்கிவிட்டது.

பாபநாசம் பக்கத்தில் எங்களுக்கு நாலு மா நிலம். (ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் விசாரித்து மானத்தை வாங்காதீர்கள்.) குத்தகை, வருஷத்துக்கு 12 மூட்டை நெல். அப்பா இருந்தவரை காலிகோ அட்டை போட்ட நீள நோட்டில் கணக்கு எழுதினார். அவர் போன பிறகு அம்மா, "பி.காம். படிச்சவன்தானே, நீயே பாத்துக்கோ" என்று நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். நானும் ஆபீஸ் நண்பன் சிபாரிசு செய்த ஒரு குறிப்பெடுக்கும் செயலியை ஃபோனில் இறக்கி, மூன்று ராத்திரி கண்விழித்து எல்லாவற்றையும் ஏற்றினேன்.

ஞாயிறன்று கும்பகோணம் பஸ்ஸில் நின்றுகொண்டே திறந்து பார்த்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஃபோன். கடைசி வரி, 'பாக்கி 12' என்றது. அடேயப்பா, ஒரு வருஷக் குத்தகை அப்படியே நிற்கிறதே!

குத்தகைக்காரர் களத்தில் இருந்தார். அப்பா வயசு. நான் 'அண்ணே' என்பேன்.

"அண்ணே, 12 மூட்டை பாக்கி நிக்குது போலிருக்கே?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஐயா இருந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டாரு தம்பி" என்றார். வழக்கமாக வரும் மோர் அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அப்பாவின் கையெழுத்தில் கடைசிப் பக்கம்: குத்தகை 12, வரவு 10, பாக்கி 2. ஃபோனிலும் முதல் இரண்டு எண்கள் அப்படியே இருந்தன. மூன்றாவதற்கு முன்னால் மட்டும் ஒரு '1' முளைத்திருந்தது. 12-இல் 10 போனால் எத்தனை என்று பார்க்க பி.காம். வேண்டாம், மூன்றாம் வகுப்பு போதும். ஆனால் ஆபீஸில் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கண் இது.

அந்தச் செயலியில் படிப்பதும் எழுதுவதும் ஒரே திரை. தள்ளிப் படிக்கும்போது விரல் கொஞ்சம் தங்கினால் கீபோர்டு எழும்பிவிடும். அடுத்த பள்ளத்தில் பஸ் குதித்தால் ஓர் எண் விழும். 'மாற்றலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. லாரி டெஸ்லர் என்று ஒருவர். கட், காப்பி, பேஸ்ட்டை நமக்குத் தந்தவர்களில் முக்கியமானவர், 2020-இல் காலமானார். எழுத ஒரு நிலை, திருத்த ஒரு நிலை என்று கம்ப்யூட்டர் ஆளை அலைக்கழிப்பது அவருக்குப் பிடிக்காது. கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர். மகானுபாவர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அடியேன் எதிர்க்கட்சி. 'சும்மா படி, தொடாதே' என்று ஒரு நிலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

கணக்குப் பாடத்தில் முதலில் சொல்லிக் கொடுத்தது என்ன? தப்பானால் சுரண்டாதே, ஒரே கோடாக அடி, பழைய எண் தெரியட்டும், மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போடு. அப்பா நோட்டில் நாலைந்து இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கும் இதே சட்டம்தான். ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்துவைக்கவும் கூடாது. நாலு மா நிலத்துக்கு அந்தச் சட்டம் வராது என்பதுதான் சோகம்.

இன்னொரு சோகம் 'சிங்க்'. ஃபோனில் விழுந்த '1', ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் வீட்டு லேப்டாப்பிலும் அதே நிமிஷம் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று பிரதி இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன்! எங்கள் பக்கத்து உத்தமதானபுரத்தை இனிஷியலிலேயே வைத்திருந்த உ.வே.சா., கும்பகோணம் காலேஜில் வாத்தியாராக இருந்தபோது சீவக சிந்தாமணி ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து 1887-இல் அச்சிட்டார். ஏட்டில் புள்ளி கிடையாது. காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். எழுதினவர் கை தூங்கினால் பாடம் மாறிப்போகும். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் தூங்கினார்கள். அதனால் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பு காட்டிக்கொடுத்துவிடும். என் மூன்று பிரதிகளும் ஒரே இடத்தில் அல்லவா தூங்கின!

இப்போது செயலியை மாற்றிவிட்டேன். பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு 'வண்ணான் கணக்கு' என்று ஒரு பொய்க் குறிப்பு எழுதி, வேண்டுமென்றே அழித்து, கண்டபடி தட்டி, செயலியை மூடித் திறந்து, மீட்டுப் பார்த்தேன். நாலு தடவை மீண்டது. அப்புறம்தான் நிஜக் கணக்கை உள்ளே விட்டேன். 'சாம்பா சட்டை 6' என்று இருந்ததைப் பார்த்து மனைவி, "உங்ககிட்ட ஏது ஆறு சட்டை?" என்றாள். அது தனிக் கட்டுரை.

நேற்று மறுபடி ஊருக்குப் போனேன். இந்தத் தடவை காலிகோ நோட்டே கையில்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. 12 இல்லே. 2 மூட்டைதான் பாக்கி."

அவர் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அதையும் போன மாசமே அம்மாகிட்ட இறக்கிட்டேனே தம்பி!"

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் சமையலறைக் கதவைச் சாத்திக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் கரிக்கட்டையால் இரண்டு கோடு. குறுக்கே ஓர் அடி.