நாலு சதவீதம் பெரிதா, இரண்டரை சதவீதம் பெரிதா?

போச்சம்பள்ளி சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆடு வாங்க வருபவரைக் கவனித்துப் பாருங்கள். பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், தூக்கிப் பார்ப்பார், நாலு இடத்தில் விலை கேட்பார். அதற்குப் பிறகுதான் மடியை அவிழ்ப்பார். அதே மனிதர் வங்கிக்குப் போனால், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு பாஸ்புக்கோடு திரும்பி விடுவார். வட்டி எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை!

இதற்குக் காரணம் இருக்கிறது. 2003 மார்ச் முதல் 2011 மே வரை எந்த வங்கிக்குப் போனாலும் சேமிப்புக் கணக்குக்கு 3.5 சதவீதம்தான். ரிசர்வ் வங்கி வைத்ததுதான் சட்டம். 2011 மே மாதம் அது 4 சதவீதம் ஆனது. அதே வருடம் அக்டோபர் 25 முதல் அந்தக் கட்டுப்பாடே போய்விட்டது. வட்டியை வங்கிகளே முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. ஆக, கேட்க வேண்டிய காலம் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

சரி, கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? 2025 ஜூனில் ஸ்டேட் வங்கி தன் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. பெரிய தனியார் வங்கிகள் சிலவும் அதே அளவுக்கு இறங்கின. தபால் நிலையத்திலோ 2011 டிசம்பரில் இருந்து 4 சதவீதம். அப்படியானால் தபால் நிலையம்தான் லாபம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபோது, அதை முழுக்கப் பெண்களைக் கொண்டே நடத்தப் போவதாக 2021ல் அறிவித்தார்கள். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு, வீட்டிலேயே சம்பளக் கணக்கு வைத்திருக்கும் முதல் பெண் அவர்கள்தான். அப்படி ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் கணக்கில் எப்போதும் 3,000 ரூபாய் கிடக்கிறது. 7ஆம் தேதி 12,000 ரூபாய் சம்பளம் ஏறுகிறது. 20ஆம் தேதி அந்த 12,000 ரூபாயை வீட்டுச் செலவுக்கும் கடனுக்கும் எடுத்துவிடுகிறார்.

வங்கியில் 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி போடுகிறார்கள். 13 நாள் 15,000, மீதி 17 நாள் 3,000 என்றால் சராசரி இருப்பு 8,200 ரூபாய். 2.5 சதவீதம் என்றாலும் வருடத்துக்கு 205 ரூபாய் வரும். தபால் நிலையத்தில் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் எது குறைந்த இருப்போ, அதற்கு மட்டும்தான் வட்டி. அதாவது 3,000க்கு மட்டும். 4 சதவீதம் என்றாலும் 120 ரூபாய்தான்! பணத்தை எடுக்காமல் வைத்திருப்பவருக்கு 4 பெரிது. மாதா மாதம் எடுப்பவருக்கு இரண்டரையே பெரிது.

விளம்பரத்தில் 7 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போடும் வங்கிகளும் உண்டு. கீழே பொடி எழுத்தில், சில லட்சங்களுக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் என்று இருக்கும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதமும் இருக்கலாம். இரண்டு முறை அபராதம் விழுந்தால் வருட வட்டி காலி.

பாதுகாப்பும் முக்கியம். வட்டிக் கட்டுப்பாடு நீங்கியதுமே 6 சதவீதம் தருகிறேன் என்று முன்னால் வந்தவற்றில் ஒன்று யெஸ் வங்கி. 2020 மார்ச்சில் அதன் வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி சுமார் இரண்டு வாரம் தடை இருந்தது. பணம் பிறகு கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாரம் தவித்தவர்கள் கதி? வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது வெறும் 1 லட்சம். மாதம் இத்தனை வட்டி என்று ஆசை காட்டும் பைனான்ஸ்காரர்களிடம் கொடுத்த பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

உண்மையில் சேமிப்புக் கணக்கு என்பது சேமிக்கும் இடமே அல்ல. அது மணிபர்ஸ் மாதிரி. மேலே சொன்ன பெண் கடன் அடைந்த பிறகு மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்றால், ஐந்து வருடத்தில் கட்டியது 1,20,000. 2.5 சதவீதக் கணக்கில் அதைப் போட்டு வைத்தால் வட்டி எட்டாயிரத்தை எட்டாது. தபால் நிலையத் தொடர் வைப்பில் 2025ல் இருந்த 6.7 சதவீதத்தில் கட்டினால் 22,000க்கு மேல். ஆனால் தவணை விடாமல் கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது. அதற்குப் பிறகு இடையில் மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். அவசரம் என்றால் ஒரு வருடம் கட்டிய பிறகு, கட்டியதில் பாதி வரை கடன் வாங்கலாம்.

எனவே கணக்குத் தொடங்கும்போது எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்பது போதாது. எந்த இருப்புக்கு வட்டி, அபராதம் எவ்வளவு, வருடக் கடைசியில் கையில் எத்தனை ரூபாய் என்று கேட்க வேண்டும். வங்கிகளும் இதைத் தமிழில், ரூபாய்க் கணக்கில் எழுதி வாசலில் ஒட்டி வைக்கலாம். சந்தையில் ஆட்டுக்கு நாலு கேள்வி கேட்கிறவர்கள், ஒரு மாத உழைப்புக்கும் நாலு கேள்வி கேட்கட்டுமே!